விஸ்டா மீதான பழியும் நம் மீதான பொறுப்பும்

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கு வழங்கிவந்த வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11க்கு மாறுங்கள் என்று சொன்னதும் எழும் புகார்கள் நமக்குப் புதியவை அல்ல. ‘பழையதே நன்றாகத்தானே ஓடிக்கொண்டிருந்தது’, ‘புதுக் கணினி வாங்க வைக்கப் பார்க்கிறார்கள்’, ‘பாதுகாப்பு என்று சொல்லித் தொல்லை கொடுக்கிறார்கள்’. ஏறக்குறைய வார்த்தை மாறாமல் இவையே 2007இல் விண்டோஸ் விஸ்டாவின் மீது சுமத்தப்பட்டன. அன்று அந்தப் புகார்கள் ஒரு இயங்குதளத்தின் பெயரையே கெடுத்து ஓரம்கட்டின. அந்தத் தீர்ப்பு நியாயமானதுதானா என்பதை இப்போதாவது விசாரித்தாக வேண்டும். அதே தீர்ப்பை மறுபடியும் எழுதத் தொடங்கிவிட்டோம் என்பதால் இந்த விசாரணை அவசரமானதும்கூட.

நமது நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். விஸ்டாவை விற்ற விதத்தில் தவறு இருந்தது. அந்தத் தவறுக்கு மைக்ரோசாஃப்ட் பொறுப்பு. ஆனால் விஸ்டா செய்த வேலையில், அதன் அடிப்படைக் கொள்கையில், தவறு இல்லை. செய்ய வேண்டியதைச் செய்ததற்காகவே அது தண்டிக்கப்பட்டது. பாதுகாப்பு வேண்டும் என்று கூக்குரலிட்ட உலகம், அதைக் கொண்டுவந்து கொடுத்தபோது வாங்கிக்கொள்ள மறுத்தது.

விஸ்டா எந்தச் சூழலில் பிறந்தது என்பதை மறந்துவிட்டு அதை எடைபோட முடியாது. 2001 அக்டோபரில் வெளியான விண்டோஸ் எக்ஸ்பியை நிறுவும்போது உருவாக்கப்படும் பயனர் கணக்குகள் இயல்பாகவே அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்குகள். அதாவது, வீட்டுக்குள் நுழையும் ஒவ்வொருவர் கையிலும் பீரோச் சாவி உட்பட மொத்தச் சாவிக்கொத்தையும் கொடுத்துவிடுவது போன்ற ஏற்பாடு. மின்னஞ்சலில் வந்த இணைப்பைத் தெரியாமல் திறந்தாலும் சரி, எங்கிருந்தோ இறக்கிய விளையாட்டை நிறுவினாலும் சரி, அந்த நிரலுக்கும் கணினி முழுவதன் மீதும் அதிகாரம் கிடைத்துவிடும். பயன்படுத்துபவருக்கு இது வசதி. வைரஸ் எழுதுகிறவருக்கு அதைவிட வசதி.

விளைவு வெகுசீக்கிரம் தெரிந்தது. 2003 ஜனவரியில் மைக்ரோசாஃப்டின் சர்வர் மென்பொருளைத் தாக்கிய ஸ்லாம்மர் என்ற கணினிப் புழு, இலக்காகக்கூடிய கணினிகளில் பெரும்பாலானவற்றைப் பத்தே நிமிடங்களில் தொற்றியது. அதே ஆண்டு ஆகஸ்டில் பிளாஸ்டர் வந்தது. அந்தக் காலத்தில் இணையத்தில் இருந்தவர்களுக்கு அந்தச் சிறு சாளரம் நினைவிருக்கும்: கணினி இன்னும் 60 விநாடிகளில் அணையப்போகிறது என்ற அறிவிப்பு, அதன் கீழே ஒவ்வொன்றாகக் குறையும் விநாடிகள். பாதி தட்டச்சு செய்த கடிதமோ கணக்கோ கண்ணெதிரே போய்விடும். எந்தக் கோப்பையும் திறக்க வேண்டியதில்லை, எதையும் சொடுக்க வேண்டியதில்லை. இணையத்தில் இணைந்திருந்ததே போதும். 2004இல் வந்த சாஸ்ஸர், பிரிட்டனின் கடலோரக் காவல் துறையைக் கணினி வரைபடத்தை விட்டுவிட்டுக் காகித வரைபடத்துக்குத் திரும்ப வைத்தது. மைக்ரோசாஃப்ட் பாதுகாப்பைப் பற்றிக் கவலைப்படுவதே இல்லை என்று அன்று உலகமே திட்டியது. திட்டியதில் நியாயமும் இருந்தது.

பில் கேட்ஸ் 2002 ஜனவரியிலேயே தம் ஊழியர்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பியிருந்தார். புதிய வசதியா, பாதுகாப்பா என்ற கேள்வி எழும் இடத்தில் இனிப் பாதுகாப்பையே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். அந்தச் சொல்லுக்குக் கொடுக்கப்பட்ட முழு உருவம்தான் விஸ்டா. ‘லாங்ஹார்ன்’ என்ற பெயரில் நடந்துகொண்டிருந்த வேலையை 2004இல் பெருமளவு ஒதுக்கிவைத்துவிட்டு, உறுதியான அடித்தளத்திலிருந்து மீண்டும் தொடங்கினார்கள். அதனால் எக்ஸ்பிக்கும் விஸ்டாவுக்கும் நடுவே ஐந்து ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி விழுந்தது. பொதுமக்களுக்கு விஸ்டா விற்பனைக்கு வந்தது 2007 ஜனவரி 30 அன்று.

அதிகம் திட்டு வாங்கிய அம்சத்தையே முதலில் எடுத்துக்கொள்வோம். ஒரு நிரலை நிறுவப் போனால் திரை மங்கும். அனுமதிக்கிறீர்களா என்று ஒரு பெட்டி வந்து நிற்கும். யூஏசி எனப்படும் பயனர் கணக்குக் கட்டுப்பாடு இது. எரிச்சலூட்டியது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தப் பெட்டிக்குப் பின்னால் நடந்தது என்ன? அட்மினிஸ்ட்ரேட்டராக நுழைந்தவருக்குக்கூட விஸ்டா இரண்டு அடையாளங்களைத் தந்தது. அன்றாட வேலைகள் எல்லாம் சாதாரண அதிகாரம் கொண்ட அடையாளத்தில் நடக்கும். கணினியின் அடிப்படையைத் தொடும் வேலை வரும்போது மட்டும், உரியவரின் ஒப்புதலைப் பெற்று, முழு அதிகாரம் கொண்ட அடையாளம் பயன்படும். திரை மங்கியதும் அலங்காரத்துக்காக அல்ல. அந்தக் கேள்வி தனியான பாதுகாப்புத் திரையில் எழுந்தது. வேறு எந்த நிரலும் பயனருக்குப் பதிலாக ‘சரி’ என்று அழுத்திவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது.

கேட்காமல் செய்யாதே என்பதுதான் இதன் சாரம். ஒருவருடைய உடைமையில் கைவைக்குமுன் அவரைக் கேட்பது மரியாதை. ‘ஏன் கேட்டுக்கொண்டே இருக்கிறாய்’ என்று உலகம் விஸ்டாவிடம் சீறியது. ஆனால் அத்தனை முறை கேட்க வேண்டிய நிலையை உருவாக்கியது யார்? ஒரு சாதாரணக் கணக்கு மென்பொருளுக்கோ அகராதிக்கோ கணினியின் முழு அதிகாரமும் எதற்கு? எக்ஸ்பி காலத்து மென்பொருள் நிறுவனங்கள், பயனருடைய கோப்புறையில் எழுத வேண்டியதைக்கூட நிரல்களுக்குரிய பொது இடத்தில் எழுதிப் பழகியிருந்தன. தடுக்க யாருமில்லை என்பதால் வளர்ந்த சோம்பல் அது. அப்படிப்பட்ட பழைய நிரல்களையும் விஸ்டா கைவிடவில்லை. அவை எழுத முயன்ற கோப்புகளைச் சத்தமில்லாமல் பயனருடைய தனி இடத்துக்குத் திருப்பிவிட்டு, அந்த நிரல்கள் தொடர்ந்து ஓட வழிசெய்தது. அதையும் மீறி அதிகாரம் கேட்டு நின்ற நிரல்களைத்தான் அது உரியவர் முன் கொண்டுவந்து நிறுத்தியது.

பலன் கிடைத்ததா? கிடைத்தது. அனுமதிப் பெட்டியை எழுப்பிய நிரல்களும் செயல்களுமாக ஒரு கட்டத்தில் 7,75,312 பதிவாகியிருந்தன என்றும், பின்னர் அது 1,68,149 ஆகக் குறைந்தது என்றும், விண்டோஸ் 7 உருவாக்கத்தின்போது மைக்ரோசாஃப்டே வெளியிட்ட கணக்கு சொல்கிறது. மென்பொருள் எழுதுகிறவர்கள் திருந்தினார்கள். வாடிக்கையாளர்களின் எரிச்சல் தங்கள் பக்கம் திரும்பிய பிறகுதான் திருந்தினார்கள். இன்று ஒரு கணினியில் நாளெல்லாம் வேலை செய்தும் அந்தப் பெட்டி எப்போதாவது ஒருமுறைதான் தலைகாட்டுகிறது என்றால், அந்த நிம்மதிக்கான வசவை விஸ்டா வாங்கிக்கொண்டது.

இரண்டாவது புகார்: பிரிண்டர் ஓடவில்லை, ஸ்கேனர் ஓடவில்லை, திரை உறைகிறது. இந்த வலி உண்மையானது. கடன் வாங்கிக் கணினி வாங்கிய சிறுதொழில் செய்பவருக்குப் பிரிண்டர் நின்றுபோவது தொழிலே நின்றுபோவதற்குச் சமம். ஆனால் பழி போய்ச் சேர வேண்டிய முகவரி வேறு. ஒரு கருவியை இயக்கும் டிரைவர் நிரல் தடுமாறினால் கணினியே நீலத் திரையோடு விழுந்துவிடும் பழைய அமைப்பை மாற்றுவதற்காக, விஸ்டா கிராஃபிக்ஸ், ஒலி ஆகியவற்றின் அடித்தளத்தைத் திருத்தி அமைத்தது. கிராஃபிக்ஸ் டிரைவர் உறைந்தால் அதை மட்டும் மீண்டும் தொடங்கிவைத்து, ‘டிரைவர் நின்றுபோனது, மீட்டுவிட்டோம்’ என்று ஒரு குறிப்போடு வேலையைத் தொடரவிட்டது. இதற்கு வன்பொருள் நிறுவனங்கள் புதிய டிரைவர்களை எழுதித் தர வேண்டியிருந்தது. விஸ்டாவின் முதல் பீட்டா 2005 ஜூலையிலேயே வெளிவந்துவிட்டது. இருந்தும் பல நிறுவனங்கள் கடைசி நேரம்வரை கைகட்டி நின்றன. பின்னர் நீதிமன்ற வழக்கில் வெளியான மைக்ரோசாஃப்ட் ஆவணமொன்றின்படி, 2007இல் பதிவான முறிவுகளில் சுமார் 29 சதவீதத்துக்கு என்விடியாவின் டிரைவர்களே காரணம். மைக்ரோசாஃப்டின் சொந்தப் பங்கு சுமார் 18 சதவீதம். திரையில் தெரிந்தது விண்டோஸின் பெயர் என்பதால், அடுத்தவர் பிழைக்கும் அதுவே அடி வாங்கியது.

இந்த இடத்தில் மைக்ரோசாஃப்டை விட்டுவிட முடியாது. வெளியீடு மீண்டும் மீண்டும் தள்ளிப்போனதால், விஸ்டா உண்மையிலேயே வரப்போகிறது என்று வன்பொருள் நிறுவனங்கள் நம்பவில்லை. அதனால் வேலையைத் தாமதமாகத் தொடங்கின என்று மைக்ரோசாஃப்டின் மூத்த நிர்வாகி ஸ்டீவன் சினோஃப்ஸ்கியே உள்மடலில் எழுதினார். சொன்ன தேதியைக் காப்பாற்றாதவருடைய சொல்லுக்கு மதிப்புக் குறைவது இயல்பு.

அதைவிடப் பெரிய குற்றம் ஒன்று உண்டு. அதற்கு மன்னிப்பே இல்லை. 2006இல் விற்ற கணினிகளில் ‘விஸ்டாவுக்குத் தகுதியானது’ என்ற பொருள்பட ஸ்டிக்கர் ஒட்டினார்கள். இன்டெலின் 915 வகைச் சில்லுத் தொகுப்பால் விஸ்டாவின் புதிய காட்சி அமைப்பை இயக்க முடியாது என்று தெரிந்திருந்தும், அந்தக் கணினிகளுக்கும் ஸ்டிக்கர் கிடைக்கும்படி தகுதி வரம்பைத் தளர்த்தினார்கள். இன்டெலின் காலாண்டு விற்பனைக்கு உதவவே இது செய்யப்பட்டது என்று நிறுவனத்தின் உள்மடல் ஒன்றே ஒப்புக்கொள்கிறது. மைக்ரோசாஃப்டின் துணைத் தலைவர்களில் ஒருவரே அந்த ஸ்டிக்கரை நம்பி ஒரு லேப்டாப் வாங்கிவிட்டு, 2,100 டாலர் கொடுத்து மின்னஞ்சல் பார்க்க மட்டுமே ஒரு கருவி வாங்கியிருப்பதாக மனம் நொந்து எழுதினார். நிறுவனத்தின் உயர் பதவியில் இருப்பவரே ஏமாறுகிறார் என்றால், மகளின் கல்லூரிப் படிப்புக்காகச் சேமித்து வாங்கிய தகப்பனின் நிலை என்ன? பொறியாளர்கள் ஐந்தாண்டு உழைத்துக் கட்டியதை விற்பனைப் பிரிவு ஒரு ஸ்டிக்கரால் இடித்துத் தள்ளியது. விஸ்டா மெதுவாக ஓடுகிறது என்று புகார் சொன்னவர்களில் பலர், விஸ்டாவை ஓட்டவே கூடாத கணினியில் அதை ஓட்டியவர்கள். அவர்களுடைய கோபம் நியாயமானது. அது சென்றடைந்திருக்க வேண்டிய இடம் இயங்குதளம் அல்ல. அதைப் பற்றிப் பொய்யான நம்பிக்கை கொடுத்தவர்கள்.

விஸ்டாவின் கொள்கை சரியானது என்பதற்கு 2008 அக்டோபரில் ஒரு பெரும் சாட்சி கிடைத்தது. எம்எஸ்08-067 என்ற எண்ணில் மைக்ரோசாஃப்ட் ஒரு அவசரத் திருத்தத்தை வெளியிட்டது. ஒரே ஓட்டை எக்ஸ்பியிலும் இருந்தது, விஸ்டாவிலும் இருந்தது. எக்ஸ்பியில் அதன் அபாயம் உச்ச நிலை என்று வகைப்படுத்தப்பட்டது; முன்பின் தெரியாத ஒருவர் எங்கிருந்தோ உள்ளே நுழைந்துவிடலாம். விஸ்டாவில் அது ஒரு படி கீழே வகைப்படுத்தப்பட்டது. அங்கே இயல்பு நிலையில் உள்நுழைவு உரிமை இல்லாத அந்நியருக்கு அந்தக் கதவு திறக்காது. அந்த ஓட்டையின் வழியே புறப்பட்ட கான்ஃபிக்கர் புழு பல லட்சம் கணினிகளைப் பிடித்தது. பிரான்ஸ் கடற்படையின் வலையமைப்புக்குள்ளும் புகுந்து, பறக்கும் திட்டங்களைத் தரவிறக்க முடியாமல் போர் விமானங்களைத் தரையில் நிறுத்தியது. எக்ஸ்பியே போதும், விஸ்டா வேண்டாம் என்று உலகம் அடம்பிடித்துக்கொண்டிருந்த அதே மாதங்களில்தான் இது நடந்தது.

இரண்டாவது சாட்சி 2009 அக்டோபரில் வந்த விண்டோஸ் 7. உலகம் அதைக் கொண்டாடியது. அதன் உள்பதிப்பு எண் 6.1, விஸ்டாவினுடையது 6.0. அதே அடித்தளம், அதே டிரைவர் அமைப்பு, அதே அனுமதிக் கேள்வி. வேகம் கூட்டப்பட்டிருந்தது, கேள்விகள் குறைக்கப்பட்டிருந்தன. அதற்காக உழைத்தவர்களைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் அதற்குள் டிரைவர்கள் தயாராகியிருந்தன, நிரல்கள் திருந்தியிருந்தன, கணினிகளில் நினைவகம் கூடியிருந்தது. விதைத்தவரை ஏசிவிட்டு அறுவடைக்கு வந்தவருக்கு மாலை போட்டோம்.

தமிழ் வாசகர்களாகிய நமக்கு விஸ்டாவுக்கு நன்றி சொல்லத் தனிக் காரணமும் உண்டு. எக்ஸ்பியில் ஒருங்குறித் தமிழ் சரியாகத் தெரிய வேண்டுமானால், கன்ட்ரோல் பேனலுக்குள் போய், மொழி அமைப்புகளைத் திறந்து, சிக்கலான எழுத்துமுறைகளுக்கான பெட்டியில் குறியிட்டு, எக்ஸ்பி குறுவட்டைப் போட்டுக் கோப்புகளை ஏற்றிக் கணினியை மறுபடி தொடங்க வேண்டும். இது தெரியாதவர் திரையில் கொம்பும் காலும் புள்ளியும் இடம் மாறிக் கிடக்கும். அல்லது வெறும் கட்டங்கள் வரிசையாக நிற்கும். தமிழில் எழுதியவர் பிழையாக எழுதிவிட்டார் என்றே பார்ப்பவர் நினைப்பார். விஸ்டாவில் அந்தப் பெட்டியே தேவைப்படவில்லை. நிறுவிய அன்றே, யாரும் எதுவும் செய்யாமல், தமிழ் தமிழாகத் தெரிந்தது. தமிழ்நாடு அரசு 2010இல் ஒருங்குறியை ஏற்றபோது, சிறப்பு ஏற்பாடு ஏதுமின்றி அதைக் காட்டக்கூடிய கணினிகள் பரவத் தொடங்கியிருந்தன. ஆனால் ‘விஸ்டாவை எடுத்துவிட்டு எக்ஸ்பியே போட்டுக் கொடுங்கள்’ என்று கணினிக் கடைக்காரரிடம் நம்மில் பலர் கேட்டோம். எதை வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தோம் என்பதை அறியாமலே கேட்டோம்.

இப்போது விண்டோஸ் 11க்கு வருவோம். டிபிஎம் 2.0 எனப்படும் பாதுகாப்புச் சில்லு வேண்டும், செக்யூர் பூட் வசதி வேண்டும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய செயலி வேண்டும் என்று அது நிபந்தனை வைக்கிறது. குறியாக்கச் சாவிகளைக் களவாட முடியாத இடத்தில் வைக்கவும், கணினி தொடங்கும்போதே யாரேனும் கைவைத்திருக்கிறார்களா என்று சோதிக்கவும் டிபிஎம் உதவுகிறது. வங்கிக் கணக்கு, ஆதார் நகல், குழந்தைகளின் படங்கள் எல்லாம் கணினிக்குள் இருக்கிற காலத்தில் இது ஆடம்பரம் அல்ல. 2017 மே மாதத்தில் வானாகிரை உலகெங்கும் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது. அதற்கான திருத்தம் இரண்டு மாதங்களுக்கு முன்பே வெளிவந்திருந்தது. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகள் பல அன்று நோயாளிகளைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது. ‘பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்ற நம் வழக்கத்துக்கு அடுத்தவர் கொடுத்த விலை அது. தொற்றிய கணினி அதை வைத்திருப்பவரோடு நிற்பதில்லை. அடுத்தவரைத் தாக்கும் கருவியாகவும் மாறுகிறது. ஆகவே இயங்குதளத்தைப் புதுப்பிக்க மறுப்பது தனிப்பட்ட விருப்பம் மட்டும் என்ற வாதத்தை நாம் ஏற்க முடியாது.

அதற்காக எல்லாப் புகார்களையும் ஒரே மூட்டையாகக் கட்டித் தூக்கி எறியவும் கூடாது. நிறுவும்போதே மைக்ரோசாஃப்ட் கணக்கைத் தொடங்கக் கட்டாயப்படுத்துவதும், ஸ்டார்ட் மெனுவில் விளம்பரம் நுழைப்பதும் பாதுகாப்போடு எந்தத் தொடர்பும் இல்லாதவை. பாதுகாப்பு என்ற நல்ல பெயரின் நிழலில் வணிகம் செய்வது, அன்று ஸ்டிக்கரில் செய்த அதே தவறு. 2017இல் வாங்கிய ஏழாம் தலைமுறைக் கணினி இன்னும் நன்றாக ஓடிக்கொண்டிருக்க, அதைத் தூக்கி எறியச் சொல்வதிலும் அறம் இல்லை. விண்டோஸ் 10க்கு 2026 அக்டோபர்வரை கூடுதல் பாதுகாப்புத் திருத்தங்களைத் தருவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. ஐரோப்பியப் பொருளாதார மண்டலத்தில் இருப்பவர்களுக்கு அது இலவசம். மற்றவர்களுக்கோ 30 டாலர், அல்லது கணினி அமைப்புகளை அந்நிறுவனத்தின் மேகத்தில் சேமிக்க ஒப்புக்கொள்வது போன்ற நிபந்தனைகள். பாதுகாப்பு அடிப்படைத் தேவை என்று சொல்லும் நிறுவனம், அதைக் கண்டம் பார்த்து வழங்குவது அநீதி.

எனவே நமது தீர்ப்பு இது. விஸ்டா தன் முதன்மைக் குற்றச்சாட்டிலிருந்து விடுவிக்கப்பட வேண்டும். அதை விற்றவர்கள் செய்த ஏமாற்று, குற்றமாகவே நிலைக்க வேண்டும். விண்டோஸ் 11 பாதுகாப்புக்காக வைக்கும் நிபந்தனைகள் சரியானவை. அவற்றை நிறைவேற்ற வழியில்லாதவர்களுக்கு, எந்த நாட்டவரானாலும், பழைய கணினியின் ஆயுள்வரை பாதுகாப்புத் திருத்தங்களை இலவசமாகக் கொடுப்பது மைக்ரோசாஃப்டின் கடமை. பழைய கணினியிலும் ஓடும் லினக்ஸ் வகைகள் இருக்கின்றன என்பதைப் பள்ளிகளும் அரசு அலுவலகங்களும் மக்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். பாதுகாப்பற்ற பழைய விண்டோஸைவிட அது எவ்வளவோ மேல்.

பயனர்களாகிய நமக்கும் கடமை உண்டு. திரையில் ஒரு கேள்வி எழும்போது அதை வாசித்துவிட்டுப் பதில் சொல்லுங்கள். திருத்தம் வந்தால் தள்ளிப்போடாதீர்கள். புகார் சொல்லுமுன் அது யாருடைய பிழை என்று பாருங்கள்: இயங்குதளமா, டிரைவரா, கடைக்காரரின் வாக்குறுதியா, நம் பழக்கமா? உரிய இடத்தில் வைக்கப்படும் புகார் நிறுவனங்களைத் திருத்தும். தவறான இடத்தில் வைக்கப்படும் புகாரோ, நம்மைப் பாதுகாக்க முன்வருபவரைப் பயமுறுத்தி, நம்மிடம் கெஞ்சிக் குழையும் விதத்தில் அடுத்த பொருளைத் தயாரிக்கச் சொல்லிக்கொடுக்கும். 2007இல் நாம் அதைத்தான் சொல்லிக்கொடுத்தோம். மறுமுறையும் அந்தப் பாடத்தை நடத்த நமக்கு உரிமை இல்லை.